விழுந்தவன் மேல வசனத்தை வீசாதீங்க

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது யாரையும் மதம் மாத்துறதுக்கான பதிவு இல்ல. பைபிள், சர்ச்னா நமக்கு அலர்ஜின்னு சொல்ற நண்பர்கள் இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா "நாளையிலேர்ந்து தொடமாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு அன்னிக்கு ராத்திரியே தொட்ட அனுபவம் யாருக்காவது இருந்தா கொஞ்சம் உட்காருங்க. உங்களுக்கும் இதுல ஏதாச்சும் தேறலாம்.

வருஷா வருஷம் லெந்து காலத்தோட முதல் ஞாயிறு வந்தா எங்க சர்ச்ல பிரசங்கம் என்னவா இருக்கும்னு போகும்போதே தெரிஞ்சிடும். இயேசு வனாந்தரத்துல நாப்பது நாள் உபவாசம் இருந்தார், பிசாசு மூணு தடவை வந்தான், மூணு தடவையும் வேத வசனத்தைச் சொல்லி விரட்டினார். ஆகவே பிரியமானவர்களே, வசனத்தை மனப்பாடம் பண்ணுங்க. ஆமென். வெளியில வந்தா வெயில்.

அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா பாதிதான் சொல்றாங்க. மீதிப் பாதியைச் சொல்லாம விடறதால எத்தனை பேர் வாயைத் திறக்காம உள்ளுக்குள்ளயே புழுங்கிச் சாகறாங்கங்கறதுதான் என் ஆதங்கம். அந்த லிஸ்ட்ல நானும் இருந்தேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2020 ஊரடங்கு. வீட்டுலயே ஆபீஸ், பாதிச் சம்பளம், ராத்திரி தூக்கம் வராது. போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. ரம்மி. சின்ன வயசுல கல்யாண வீட்டு மாடியில மாமாக்களோட உட்கார்ந்து ஆடினதுதானேன்னு நூறு ரூபாய் போட்டேன். முதல் நாள் ஜெயிச்சேன். அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது. தோத்திருந்தா அன்னிக்கே அழிச்சிருப்பேன்.

அந்த வருஷம் நவம்பர்ல தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடை பண்ணிச்சு. "அப்பாடா, கர்த்தர் காப்பாத்திட்டார்"னு நெனச்சேன். 2021 ஆகஸ்ட்ல உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு. அன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்ணேன்னு தனியா சொல்லணுமா? மொத்தமாப் போனது ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதுல அறுபதாயிரம் பொண்ணோட ஸ்கூல் பீஸுக்குன்னு எடுத்து வெச்சது.

இத்தனைக்கும் வசனம் எனக்குத் தெரியாமலா? சண்டே ஸ்கூல்ல வசனப் போட்டியில பரிசு வாங்கினவன் நான். ஆட்டம் ஆடிக்கிட்டே மனசுக்குள்ள வசனம் சொன்ன ராத்திரியெல்லாம் உண்டு. வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்.

தாங்க முடியாம, எங்க ஜெபக்குழுவை நடத்தற பெரியவர் ஒருத்தர் கிட்ட தனியாப் போய்ச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "ஒரு விசுவாசி இப்படிச் செய்யலாமா தம்பி? உங்க ஜெப வாழ்க்கையில எங்கயோ ஓட்டை இருக்கு"ன்னார். சரி, வாங்கிக்க வேண்டியதுதான்னு வாங்கிக்கிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துல, இருபது பேர் முன்னாடி, கண்ணை மூடிக்கிட்டு கையை உயர்த்தி, "போன் சூதாட்டத்துல சிக்கி லட்சக்கணக்குல இழந்திருக்கிற நம்ம சகோதரனை நினைச்சருளும் ஆண்டவரே"ன்னு ஜெபிச்சார்.

பேரைச் சொல்லல. சொல்லத் தேவையும் இல்ல, பார்வையெல்லாம் என் பக்கம்தான் திரும்புச்சு. என் மனைவி பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது.

அவ கிட்ட நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும். அது முழுக்க என் தப்பு, அந்தப் பெரியவர் தலையில போட மாட்டேன். ஆனா அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வந்த அந்தப் பத்து நிமிஷம் இருக்கே... அதை எழுத வரல. விட்டுடறேன். அதுக்கப்புறம் நாலு மாசம் நான் சர்ச்சுக்குப் போகல.

நிற்க. மேட்டருக்கு வருவோம்.

நம்ம தமிழ்ல 'சோதனை'ன்னு ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் சமாளிக்கறோம். ரத்தச் சோதனை, சுங்கச் சோதனை, வருமான வரிச் சோதனை, "என்னடா இது சோதனை". பாவம் செய்யச் சொல்லி இழுக்கறதும் சோதனை, கஷ்டத்துல நம்பிக்கை உரசிப் பாக்கப்படறதும் சோதனை. இது தமிழோட குறை இல்ல. புதிய ஏற்பாட்டோட மூலமான கிரேக்கத்துலயும் 'பெய்ராஸ்மோஸ்'னு ஒரே வார்த்தைதான் ரெண்டுக்கும். யாக்கோபு எழுதின நிருபத்துல, முதல் அதிகாரத்துலயே, ஒரு இடத்துல சோதனை வந்தா சந்தோஷப்படுங்கன்னு இருக்கும். பத்து வசனம் தள்ளி, தேவன் ஒருத்தரையும் பாவத்துக்கு இழுத்துச் சோதிக்கறதில்ல, அவனவன் ஆசைதான் அவனவனை இழுக்குதுன்னு இருக்கும். வார்த்தை ஒரே வேர், சங்கதி வேற.

இந்தக் குழப்பம் உலகம் பூரா உண்டு. மறைந்த போப் பிரான்சிஸ் 2017 டிசம்பர்ல ஒரு இத்தாலியத் தொலைக்காட்சிப் பேட்டியில, கர்த்தருடைய ஜெபத்துல சோதனை பத்தி வர்ற வரியோட மொழிபெயர்ப்பு சரியில்ல, கடவுளே நம்மளைக் குழியில கொண்டு போய்த் தள்ளற மாதிரி அர்த்தம் வருதுன்னு சொன்னார். தள்ளறது அவர் வேலை இல்ல, பிள்ளை விழுந்தா ஓடி வந்து தூக்கறதுதான் அப்பனோட வேலைங்கறது அவர் வாதம். அதே மாசம் பிரான்ஸ் நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை அந்த வரியை மாத்தி ஜெபிக்க ஆரம்பிச்சுது. மூல வார்த்தையை அப்படி மாத்தலாமான்னு அறிஞர்கள் நடுவுல பெரிய சண்டையும் நடந்துச்சு. அதுக்குள்ள போகல. நான் பிடிச்சுக்கிட்டது அந்த அப்பன் விஷயத்தை மட்டும்தான்.

சர்ச்சுக்குப் போகாத அந்த நாலு மாசத்துல ஒரு நாள், எதுக்குன்னே தெரியாம, எபிரெயருக்கு எழுதின நிருபத்தை எடுத்து வெச்சுப் படிச்சேன். யார் எழுதினதுன்னு இன்னி வரைக்கும் உறுதியாச் சொல்ல முடியாத புத்தகம் அது. மூணாம் நூற்றாண்டுலயே ஓரிகன், அதை யார் எழுதினாங்கங்கறது கடவுளுக்குத்தான் தெரியும்ங்கற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டார். ஆனா யாருக்கு எழுதினதுன்னு படிச்சா புரியும். களைச்சுப் போனவங்களுக்கு. கை தளர்ந்து, முழங்கால் தள்ளாடி, கூட்டத்துக்கு வர்றதையே விட்டுட்ட ஆளுங்களுக்கு. அட, நம்ம கேஸ்!

அதுல ரெண்டாம் அதிகாரக் கடைசியிலயும் நாலாம் அதிகாரக் கடைசியிலயும் ஒரே விஷயம் வருது. இயேசு தானே சோதிக்கப்பட்டுப் பாடு பட்டவர். அதனாலதான் சோதிக்கப்படறவங்களுக்கு அவரால உதவ முடியும். நம்ம பலவீனத்தைப் பார்த்துப் பரிதபிக்க முடியாத ஆசாரியர் இல்ல அவர். இந்தப் 'பரிதபித்தல்'ங்கற பழைய மொழிபெயர்ப்பு வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேல நின்னு "ஐயோ பாவம்"னு சொல்றது இல்ல அது. கிரேக்க மூலத்துல அந்த வார்த்தைக்கு 'கூடச் சேர்ந்து படறது'ன்னு அர்த்தம்.

பழைய ஏற்பாட்டுப் பிரதான ஆசாரியருக்கு ஒரு விதி உண்டு. லேவியராகமம் 16-ஆம் அதிகாரம். வருஷத்துக்கு ஒரு நாள் ஜனங்களோட பாவத்துக்காக உள்ளே போறதுக்கு முன்னாடி, தன் பாவத்துக்காக ஒரு காளையைப் பலி கொடுக்கணும். எபிரெய நிருபக்காரர் அதை ஞாபகப்படுத்திட்டு, அவருக்கும் பலவீனம் இருக்கறதாலதான் தடுமாறுறவங்க கிட்ட அவர் கடுமை காட்டாம நடந்துக்க முடியுதுன்னு எழுதறார். அந்த இடத்துல நம்ம ஜெபக்குழு பெரியவங்க ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும். வெள்ளிக்கிழமை ஜெபத்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என் காளை எங்கேன்னு.

இப்ப ஒரு கேள்வி வரும். நானே கேட்டுக்கிட்ட கேள்விதான். இயேசு பாவம் செய்யாதவர்னு அதே வசனம் சொல்லுதே, விழாத ஆளுக்கு விழுந்தவன் கஷ்டம் எப்படித் தெரியும்?

இதுக்கு சி.எஸ். லூயிஸ் 1952-ல வந்த தன் புத்தகத்துல ஒரு பதில் சொல்லியிருக்கார். சோதனையோட முழு பலமும் அதுக்கு இணங்காம நின்னவனுக்குத்தான் தெரியும், அஞ்சு நிமிஷத்துல இணங்கிட்டவனுக்கு அடுத்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும்னு தெரியாதுங்கறது அவர் வாதம். நான் எங்க ஊர்ப் பாஷையில சொல்றேன். தாமிரபரணியில வெள்ளம் வரும்போது இடுப்பளவு தண்ணியில நின்னு பாருங்க. காலை எடுத்துட்டு மிதந்து போறவனுக்கு ஆத்தோட இழுப்பு தெரியாது. அவன் ஆத்தோட சேர்ந்து போறான். ஊன்றி நிக்கறவனுக்குத்தான் கெண்டைக்கால் கிழியும். நான் பதினொன்றரை மணிக்கு இழுத்த இழுப்புக்கு பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கே மிதந்துட்டவன். அவர் கடைசி வரைக்கும் ஊன்றி நின்னவர். அப்ப இழுப்பைப் பத்தி யாருக்கு அதிகம் தெரியும்?

"அவர் கடவுளாச்சே, அவருக்கு என்ன கஷ்டம், சும்மா நமக்காக நடிச்சுக் காட்டினார்"னு ஒரு கோஷ்டி சொல்லும். இது புதுசு இல்ல. ஏழாம் நூற்றாண்டுல இதே மாதிரி ஒரு வாதம் வந்துச்சு. கிறிஸ்துவுக்குத் தெய்வச் சித்தம் மட்டுந்தான் உண்டு, தனியா மனுஷச் சித்தம்னு ஒண்ணு இல்லன்னு. பைசாந்தியப் பேரரசும் அரசியல் காரணத்துக்காக அந்தப் பக்கம் சாய்ஞ்சுது. மாக்சிமுஸ்னு ஒரு துறவி அதை எதிர்த்தார். அவர் கையில எடுத்தது கெத்செமனே தோட்டம். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கக்கூடாதான்னு இயேசு கெஞ்சினது நிஜமான மனுஷ மனசு இல்லாட்டி வேறென்ன? அதுக்காக அந்த முதியவரோட நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினாங்க. 662-ல நாடு கடத்தின இடத்துலயே செத்துப் போனார். 680-81-ல கான்ஸ்டான்டிநோபிள்ல கூடின பொதுச்சங்கம் அவர் சொன்னதே சரின்னு தீர்மானிச்சுது. இயேசுவோட சோதனை நாடகம் இல்லங்கறதுக்காக ஒரு மனுஷன் நாக்கைக் கொடுத்திருக்கார். நாம அதை மறந்துட்டு மறுபடியும் நாடகமாவே பிரசங்கம் பண்றோம்.

சரி, அந்த மீதிப் பாதி என்னன்னு சொன்னேனே. அதுதான் கெத்செமனே.

வனாந்தரத்துல தனியா இருந்தார், வசனம் சொன்னார், ஜெயிச்சார். ஆனா லூக்கா அந்தக் கதையை முடிக்கும்போது, பிசாசு கொஞ்ச காலத்துக்குத்தான் அவரை விட்டுப் போனான்னு எழுதறார். கொஞ்ச காலத்துக்கு! அப்ப திரும்ப வந்திருக்கான். கெத்செமனேயில இயேசு என்ன பண்றார்? வசனம் சொல்லல. பேதுரு, யாக்கோபு, யோவான்னு மூணு பேரைக் கூட்டிட்டுப் போறார். என் மனசு சாகற அளவுக்குத் துக்கத்துல இருக்கு, இங்கயே என் கூட முழிச்சிருங்கன்னு கேட்கிறார். தேவகுமாரன் துணைக்கு ஆள் கேட்கிறார் சாமி! அவங்க தூங்கிடறாங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை வந்து பார்க்கிறார். அப்பவும், மனசு தயாராத்தான் இருக்கு, உடம்புதான் பலவீனம்னு அவங்களுக்காக அவரே வக்காலத்து வாங்கறார்.

துணை தேவைப்படறது பலவீனம்னா, அந்தப் பலவீனம் அவருக்கும் இருந்துச்சு. இதை ஏன் எந்த லெந்து ஞாயிறும் எனக்கு யாரும் சொல்லல?

அதுக்கு முன்னாடி, அதே ராத்திரி விருந்துல, பேதுரு கிட்ட பேசினதைப் பாருங்க. சாத்தான் உங்களைக் கோதுமை மாதிரிப் புடைக்கக் கேட்டிருக்கான், நான் உனக்காக வேண்டிக்கிட்டேன், நீ திரும்பி வந்தப்புறம் உன் சகோதரங்களைத் தாங்கிக்கோங்கறார். வரிசையைக் கவனிங்க. பேதுரு இன்னும் விழல. அதுக்குள்ள ஜெபம் நடந்து முடிஞ்சிருச்சு. திரும்பி வருவான்கறதும் முடிவாயிடுச்சு. திரும்பி வந்தப்புறம் செய்ய வேலையும் கொடுத்தாச்சு. இது எல்லாத்துக்கும் அப்புறம்தான் சேவல் கூவுது.

இன்னொரு சின்ன விஷயம். பேதுரு மறுதலிச்சது கரிநெருப்புப் பக்கத்துல குளிர் காய்ஞ்சுக்கிட்டு இருந்தப்போ. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில அவனுக்கு மீன் சுட்டு வெச்சிருந்ததும் கரிநெருப்புதான். கிரேக்கப் புதிய ஏற்பாட்டுல அந்த வார்த்தை வர்றதே யோவான் எழுதின இந்த ரெண்டு இடத்துல மட்டும்தான். அந்தப் புகை வாசத்துக்கே பேதுருவுக்கு வயித்தைக் கலக்கியிருக்கும். ஆனா அங்க அவர் விசாரணை நடத்தல. வாங்க, சாப்பிடுங்கன்னார். சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் பேச்சே. இருபது பேர் முன்னாடி ஜெபக் குறிப்பா அறிவிக்கல.

சரி, என் கதைக்கு வர்றேன். நாலு மாசமா சர்ச்சுக்கு வராத என்னைத் தேடிக்கிட்டு ஒருத்தர் வந்தார். போதகர் இல்ல. எங்க தெருமுனையில மளிகைக் கடை வெச்சிருக்கிற அண்ணாச்சி. சர்ச்ல கடைசி பெஞ்சுல உட்காருவார், ஞானப்பாட்டைச் சுருதி இல்லாமப் பாடுவார். அவ்வளவுதான் எனக்கு அவரைப் பத்தித் தெரியும். கடையை அடைச்சுட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து திண்ணையில உட்கார்ந்தார். புத்தி சொல்லல. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்கு வருது தம்பி?"

எனக்கு முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சுது. "பதினொன்றரைக்கு அண்ணாச்சி"ன்னேன்.

"அப்ப பதினொண்ணேகாலுக்கு எனக்குப் போன் போடு. எடுக்கலன்னா மறுபடியும் போடு. எனக்குச் சாயங்காலம் ஆறரைக்கு வரும். கடையில கூட்டம் கூடற நேரம். 1999-ல நிறுத்தினேன். இப்பவும் ஆறரைக்கு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுத்தான் போகும்."

அவர் குடிச்சவர்ங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். 'ஏன் செஞ்சே'ன்னு கேட்டவங்க நிறையப் பேர். 'எத்தன மணிக்கு'ன்னு கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அந்தக் கேள்வி, அந்த ஆத்துல நின்னவனுக்கு மட்டுந்தான் கேட்கத் தோணும்.

அவர் போற ஏஏ கூட்டத்தைப் பத்தி அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அது ஆரம்பிச்ச கதையே இதேதான். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம் அக்ரான் ஊர். பில் வில்சன்னு ஒரு ஆள் வியாபார விஷயமா நியூயார்க்லேர்ந்து வந்து, காரியம் கெட்டு, ஹோட்டல் வரவேற்பறையில தனியா நிக்கறார். குடியை விட்டு அஞ்சு மாசந்தான் ஆகுது. ஒரு பக்கம் பார், உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். ஊர்ல உள்ள சர்ச்சுகளோட பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குப் போன் போட்டு, எனக்கு இன்னொரு குடிகாரர் கிட்ட பேசணும், ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சார். ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு இல்ல, தான் குடிக்காம இருக்கறதுக்கு! அப்படி ஒருத்தர் மூலமா ஒருத்தர்னு போய்க் கிடைச்சவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் பேசுவேன்னு வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறமும் அவர் ஒரு தடவை விழுந்தார். ஜூன் 10-ஆம் தேதிதான் அவர் கடைசியாக் குடிச்சது. அந்த நாளைத்தான் ஏஏ தன் பிறந்த நாளாக் கணக்கு வெச்சிருக்கு. ஏஏ எந்த மதத்தையும் சார்ந்தது இல்லன்னு அவங்களே தெளிவாச் சொல்றாங்க, நானும் அதைக் கிறிஸ்தவக் கணக்குல எழுதல. ஆனா சோதிக்கப்பட்டவனாலதான் சோதிக்கப்படறவனுக்கு உதவ முடியும்ங்கற எபிரெய நிருபத்துச் சூத்திரத்தை அந்த ஹோட்டல் டெலிபோன்ல பார்க்க முடியுதா இல்லையா?

இப்ப எதிர்க்கேள்வி கேட்கிற நண்பர்களுக்கு. "இப்படிப் பரிதாபம் பரிதாபம்னு பேசினா பாவத்துக்குப் பயம் விட்டுப் போயிடாதா? எல்லாரும் விழுந்துட்டு இயேசு புரிஞ்சுப்பார்னு போயிடுவாங்களே?"

நியாயமான கேள்வி. எபிரெய நிருபம் ஒண்ணும் தாலாட்டு இல்ல. ஆறாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் படிச்சா அடிவயிறு கலங்கும். ஆனா ஒரு விஷயம். அண்ணாச்சி என் கிட்ட "பரவால்ல தம்பி, எல்லாரும் பண்றதுதான்"னு சொல்லல. மனைவி கிட்ட கணக்கை முழுசா, பைசா பாக்கி இல்லாம எழுதிக் காட்டச் சொன்னார். பேங்க் ஆப்பை அவ போனுக்கு மாத்தச் சொன்னார். இது எல்லாம் கண்டிப்புதான். அந்தக் கண்டிப்பை என்னால தாங்க முடிஞ்சதுக்குக் காரணம், அவர் என் பக்கம் உட்கார்ந்து சொன்னார். எதிர்ப்பக்கம் நின்னு சொல்லல. அவமானம் மனுஷனைத் திருத்தாது, ஒளிச்சு வைக்கத்தான் பழக்கும். நான் அந்த நாலு மாசத்துல ஆட்டத்தை நிறுத்தினேன்னு நெனச்சீங்களா? சர்ச்சைத்தான் நிறுத்தியிருந்தேன்.

எபிரெயர் நாலாம் அதிகாரக் கடைசி வசனத்துல, ஏத்த நேரத்துல உதவி கிடைக்கும், தைரியமாக் கிட்ட வாங்கன்னு வருது. அந்த 'உதவி'க்கு மூலத்துல இருக்கிற 'போயேத்தேயா'ங்கற கிரேக்கப் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டுல இன்னும் ஒரே ஒரு இடத்துலதான் வருது. அப்போஸ்தலர் நடபடிகள் 27. பவுல் போற கப்பல் புயல்ல மாட்டிக்குது. பலகை பிரிஞ்சுடாம இருக்க மாலுமிங்க கப்பலைச் சுத்தி அடியோட வரிஞ்சு கட்டறாங்க. அந்தக் கட்டுக்குத்தான் அதே வார்த்தை. புயலை நிறுத்தற மந்திரம் இல்ல அது. பிரியப் பார்க்கிற பலகையைப் பிடிச்சு வைக்கிற கட்டு. கடைசியில கப்பல் உடைஞ்சுதான் போச்சு, ஆனா அதுல இருந்த 276 பேரும் உசுரோட கரை சேர்ந்தாங்க.

எனக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் திரும்ப வரல. கப்பல் உடைஞ்சதுதான். கடன் அடைச்சு முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா வீடு பிரியல. கயிறு பதினொண்ணேகால் மணிக்கு "சொல்லு தம்பி"ன்னு போனை எடுத்துச்சு.

ஆக, நம்ம சபைகளுக்கு நான் கேட்கிறது மூணே மூணு. பெரிய சீர்திருத்தம் எல்லாம் இல்ல.

ஒண்ணு. ஒருத்தர் நம்பிச் சொன்னதை ஜெபக் குறிப்பாக்காதீங்க. கத்தோலிக்கத் திருச்சபையில பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியில சொல்லக்கூடாது, மீறினா அவர் சபை விலக்கத்துக்கே ஆளாவார். நம்ம பக்கம் அந்த ஏற்பாடு இல்ல, சரி. அந்த நாகரிகமாவது இருக்கலாமில்ல?

ரெண்டு. சாட்சி சொல்றதை இறந்த காலத்துல மட்டும் வெச்சுக்காதீங்க. "குடிச்சேன், விடுதலையானேன், அல்லேலூயா" மட்டுமே மேடை ஏறுது. "இன்னிக்கும் ஆறரைக்கு வருது, இன்னிக்கும் அவர் பிடிச்சு வெச்சிருக்கார்"னு நிகழ்காலத்துல ஒருத்தர் சொன்னா, கடைசி பெஞ்சுல இருக்கிற பத்துப் பேர் அன்னிக்கு நிம்மதியா மூச்சு விடுவாங்க.

மூணு. விழுந்தவன் கிட்ட முதல்ல வசனத்தைக் கொண்டு போகாதீங்க. வசனம் அவனுக்குத் தெரியும். பிசாசுக்கே தெரியும், வனாந்தரத்துல அவனும் ஒண்ணு சொன்னானே! நேரத்தைக் கேளுங்க. நம்பர் கொடுங்க. போனை எடுங்க.

2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை பண்ணிச் சட்டம் கொண்டு வந்துச்சு. நல்லது. கடையை மூடினாங்க. ஆனா பதினொன்றரை மணியை யாராலயும் மூட முடியாது. அது இப்பவும் வருது, முன்னை மாதிரி தினமும் இல்ல. வரும்போது நான் பெரிய ஜெபமெல்லாம் பண்றதில்ல. "உங்களுக்குத் தெரியுமில்ல"ன்னு மட்டும் சொல்லுவேன். தோட்டத்துல மூணு பேரும் தூங்கின ராத்திரியை அவர் மறந்திருக்க மாட்டார்.

பி.கு: போன வாரம் ஒரு சின்னப் பையன், சர்ச்ல கிடார் வாசிக்கிறவன், ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போறவரைக்கும் காத்திருந்து "அண்ணே, உங்க கிட்ட ஒரு விஷயம் பேசணும்"னு வந்தான். கண்ணைப் பார்க்காமப் பேசினான். என்ன விஷயம்னு இங்க எழுத மாட்டேன். நான் அவன் கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "எத்தன மணிக்குப்பா வருது?"